படத்தில் இருப்பவர் யார்? ஒட்டாவாவிலிருந்து இக்லூலிக் வரை

ஒட்டாவா, திங்கட்கிழமை

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடியினரான இனுயிட் மக்களைப் பற்றிக் கனடிய அரசு எழுதிவைத்த கோப்புகளும் எடுத்துச் சேர்த்த புகைப்படங்களும் பெரும்பாலும் ஒட்டாவாவின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் இடம்பெற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெரும்பாலும் சாலை எதுவும் சென்று சேராத ஆர்க்டிக் ஊர்களில் வாழ்கிறார்கள். அந்தத் தொலைவை எண்ணிமப்படுத்தல், அதாவது ஆவணங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவது, எந்த அளவுக்குக் குறைத்திருக்கிறது என்பதை நேரில் பார்க்கவே இந்தப் பயணத்தை மேற்கொண்டேன். ஈழத்து இதழ்களை ஸ்கேன் செய்யும் தன்னார்வப் பணியில் சில காலம் ஈடுபட்டிருந்ததால், ஒரு பக்கத்தைக் கணினியில் ஏற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அறிவேன். அதன் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை இந்த மக்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நாடாளுமன்றத்துக்கு அருகே, வெலிங்டன் தெருவில் உள்ள தேசிய நூலக, ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து இன்று முழுவதும் புகைப்பட அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய படங்களின் தலைப்புகள் ஒரே வார்ப்பில் இருக்கின்றன: ‘எஸ்கிமோ பெண்’, ‘குழந்தையுடன் தாய்’, ‘வேட்டைக்காரர்’. படம் எடுத்தவரின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, அவர் வந்த கப்பலின் பெயர்கூட இருக்கிறது. காமிராவை நேராகப் பார்த்து நிற்கும் மனிதரின் பெயரை மட்டும் யாரும் கேட்டு எழுதவில்லை.

இதைத் திருத்தும் முயற்சி 2002இல் தொடங்கியது. இனுயிட் இளைஞர்களுக்காக ஒட்டாவாவில் நடைபெறும் ‘நுனாவுட் சிவுனிக்சாவுட்’ என்னும் கல்வித் திட்டம், வடகனடாவின் நுனாவுட் நிலப்பகுதி அரசு, ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் சேர்ந்து, ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற ஒளிப்படக்காரர் 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் எடுத்த படங்களில் ஏறத்தாழ 500ஐத் தேர்ந்தெடுத்து எண்ணிமப்படுத்தின. அவற்றைக் குறுந்தகட்டில் ஏற்றி, மடிக்கணினியோடு இளைஞர்களின் கையில் கொடுத்து, இக்லூலிக், குக்லுக்டுக், டலோயோவாக் போன்ற ஊர்களிலுள்ள முதியவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். முதல் தொகுதியில் இருந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அடையாளம் காணப்பட்டார்கள். பல பத்தாண்டுகளாகக் காப்பகத்தில் கிடந்த வெற்றிடத்தை முதியவர்கள் தங்கள் நினைவிலிருந்தே நிரப்பினார்கள். ‘பெயரிடும் திட்டம்’ என்று அழைக்கப்படும் இந்த முயற்சி பின்னர் வேறு தொகுப்புகளுக்கும், 2015 முதல் மற்றப் பூர்வகுடியினரின் படங்களுக்கும் விரிவடைந்தது.

ஹாரிங்டனின் படங்களில் என்னால் எளிதில் கடந்துபோக முடியாதவை 1950இல் பட்லே என்ற இடத்தில் எடுக்கப்பட்டவை. அந்த ஆண்டு கரிபூ மான்கள் வழக்கமான தடத்தில் வரவில்லை. அவற்றையே நம்பி வாழ்ந்தவர்கள் பட்டினியில் விழுந்தார்கள். அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின, முகங்கள் புகழ்பெற்றன. அந்த முகங்களுக்குரியவர்களின் பெயர்கள் அரை நூற்றாண்டு கழித்துத்தான் அட்டவணைக்கு வந்தன.

கட்டினோ, செவ்வாய்க்கிழமை

ஆற்றைக் கடந்தால் கியூபெக் மாகாணத்தின் கட்டினோ. 1997இல் திறக்கப்பட்ட பாதுகாப்பு மையம் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடியும் எஃகும் கொண்ட பெரிய கூட்டுக்குள் கான்கிரீட்டில் 48 பெட்டகங்கள் அமைந்த, கட்டடத்துக்குள் கட்டடம் என்ற வகையில் எழுப்பப்பட்ட இடம் அது. நினைத்தபோது உள்ளே போகக்கூடிய இடமன்று. நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் அத்தகைய இடங்களில் நடக்கும் வேலையை, அந்தத் துறையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தேநீர்க் கடையில் அமர்ந்து எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

அசிட்டேட் பிலிம் தானாகவே சிதையும். சிதையும்போது காடி (வினிகர்) வாசனை எழும். அந்த வாசனை ஒரு பெட்டியில் வந்துவிட்டால் அருகிலிருக்கும் சுருள்களையும் அது பற்றிக்கொள்ளும். குளிரில் வைத்தால் வேகம் குறையுமே தவிர, சிதைவு நிற்பதில்லை. ஒலிநாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அத்தகைய நாடாவை அப்படியே ஓடவிட்டால் ஒலியே உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து உலர்த்துகிறார்கள். புகைப்படத்தை நிமிடங்களில் ஸ்கேன் செய்யலாம், ஆனால் ஒரு மணி நேர நாடாவைப் படியெடுக்க ஒரு மணி நேரம் தேவை. பாதுகாப்புத் தரத்தில் பதிவுசெய்தால் அந்த ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி 2 ஜிகாபைட் அளவு இடத்தைப் பிடிக்கும். இந்தக் கணக்குகளை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வடக்கே போனதும் இவை ஒவ்வொன்றும் இணைய வேகத்தோடும் மின்கட்டணத்தோடும் மோதும்.

பிற்பகலில் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். பீட்டர் பிட்சியோலாக்கின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் இந்த நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளன. கேப் டோர்செட் என்று அன்று அழைக்கப்பட்ட கின்ங்காயிட்டைச் சேர்ந்த இவர் 1902இல் பிறந்து 1973இல் மறைந்தவர். பனிக்கரடிக்கு அருகே போக அஞ்சிய ஒரு வெள்ளையர் தமது காமிராவை இவரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னதுதான் இவருடைய தொடக்கம். பின்னர் சொந்தக் காமிரா வாங்கி, டார்ச் விளக்கைச் சிவப்புத் துணியால் மூடி, பனிவீட்டுக்குள்ளேயே மனைவி அகியோக்கின் துணையோடு பிலிம்களைக் கழுவினார். தம் வாழ்வை இனுயிட் மொழியான இனுக்டிடுட்டின் அசையெழுத்தில் தாமே எழுதியும் வைத்தார். வெளியார் மட்டுமே பதிவு செய்தார்கள், இனுயிட் மக்கள் பதிவு செய்யப்பட்டார்கள் என்ற எளிமையான கதையை இவர் ஒருவரே கலைத்துவிடுகிறார். தம் ஊர்க்காரர்களைப் படமெடுத்த அவருக்குத் தம் முன்னே நிற்பவர் யார் என்பது தெரிந்திருந்தது.

இக்காலுயிட், புதன்கிழமை

ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேர விமானப் பயணம். ஏப்ரல் மாதத்திலும் விரிகுடா வெண்மையாக உறைந்திருக்கிறது. 1999 ஏப்ரல் 1 அன்று உருவான நுனாவுட் நிலப்பகுதியின் தலைநகர் இது. இருபது லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 ஊர்கள், அனைத்திலுமாகச் சேர்த்து நாற்பதாயிரம் பேர் அளவில் மக்கள்.

இவ்வளவு பெரிய நிலத்துக்கென்று முழுமையான ஆவணக் காப்பகக் கட்டடம் இன்னும் எழவில்லை. இனுயிட் மக்களுக்கும் கனடிய அரசுக்கும் இடையே 1993இல் கையெழுத்தான நுனாவுட் உடன்படிக்கையின் 34ஆவது பிரிவே ஆவணங்களையும் இனவரைவியல் பொருட்களையும் பற்றியது. இருந்தும் நுனாவுட்டின் நினைவு பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. நுனாவுட் பிரிவதற்கு முந்தைய வடமேற்கு நிலப்பகுதியின் ஆவணங்கள் அதன் தலைநகரான எல்லோநைஃபில் இருக்கின்றன. ஹட்சன் பே நிறுவனத்தின் வணிகக் குறிப்பேடுகள் வின்னிபெக்கிலும், க்னுட் ராஸ்முசென் தலைமையில் 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாவது தூலே பயணம் என்ற டென்மார்க் ஆய்வுப் பயணத்தின் சேகரிப்பு கோபன்ஹேகனிலும் உள்ளன. அந்தக் கோபன்ஹேகன் சேகரிப்பைக் கேம்பிரிட்ஜ் பேயில் இயங்கும் கிட்டிக்மியோட் மரபுரிமைச் சங்கம் வரைபடத்தோடு இணைத்து இணையத்தில் திரும்பப் பெற்றிருப்பதை எண்ணிமத் திருப்பியளிப்பின் நல்ல முன்மாதிரியாக நான் கருதுகிறேன். இக்காலுயிட்டில் மரபுரிமை மையம் ஒன்றை எழுப்புவதற்கு இனுயிட் மரபுரிமை அறக்கட்டளை முயன்றுவருகிறது. டென்மார்க்கின் டோர்ட்டே மன்ட்ரூப் நிறுவனம் வடிவமைத்த திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. பனியில் காற்று செதுக்கும் வரிகளைத் தழுவிய அந்தக் கூரையின் வரைபடம் அழகாக இருக்கிறது, கட்டடமும் விரைவில் எழ வேண்டும்.

பழைய ஹட்சன் பே கட்டடம் ஒன்றில் இயங்கும் நுனாட்டா சுனாக்குடாங்கிட் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள நூலகத்துக்குப் போனேன். கண்ணாடி இழைக் கம்பி வந்துசேராத நிலம் இது; செயற்கைக்கோள் வழியாகவே இணையம் வருகிறது. அண்மைக்காலத்தில் புதிய செயற்கைக்கோள் சேவைகள் நிலைமையைப் பெரிதும் மாற்றியிருந்தாலும், கட்டணத்தை எல்லோராலும் தாங்க முடிவதில்லை. ஒட்டாவாவின் அட்டவணையில் நான் நொடியில் திறந்த உயர்தரப் படம் ஒன்று இங்கே மெதுவாக, மேலிருந்து கீழாக, பட்டைபட்டையாக இறங்கியது. அணுகல் என்று தெற்கில் சொல்லும்போது இணைப்பை நாம் கணக்கில் எடுப்பதில்லை. சிறிய அளவிலான படிகளை ஊர்தோறும் ஒரு கணினியிலேயே வைப்பதும், வன்தட்டில் முழுத் தொகுப்பையும் கொண்டுபோய்க் கொடுப்பதும் பின்தங்கிய வழிகளாகத் தோன்றலாம். இங்கே வந்தபின் அவைதான் மக்களைச் சென்றடையும் வழிகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துரு பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாமினியிலும் இன்ன பிற எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்த பழைய கோப்புகளைத் திறந்து, ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கண்டு தவித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இனுக்டிடுட்டும் அதே பாதையில்தான் வந்திருக்கிறது. அதன் அசையெழுத்து 1999இல் வெளிவந்த யூனிகோட் 3.0இல்தான் இடம்பெற்றது, அதற்கு முன் நுனாகாம், ப்ரோசில் போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்ட அறிக்கைகளும் நேர்காணல் எழுத்துப்படிகளும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாதவையாகிவிடுகின்றன. காகிதத்தில் இருப்பவை மட்டுமே பழைய ஆவணங்கள் என்று நினைக்கக் கூடாது. 1990களின் கணினிக் கோப்புகளும் இன்று மீட்கப்பட வேண்டிய நிலையில் இருக்கின்றன.

இக்காலுயிட், வியாழக்கிழமை

இன்று பார்த்ததும் கேட்டதும் கனமானவை.

1941 முதல் கனடிய அரசு ஒவ்வொரு இனுயிட் மனிதருக்கும் ஓர் எண் பொறித்த சிறு வட்டத் தகட்டைக் கொடுத்தது. கிழக்கு என்றால் E, மேற்கு என்றால் W, பிறகு எண்கள். தகட்டின் நடுவே அரச கிரீடச் சின்னம். குடும்பப்பெயர் இல்லாத, ஒற்றைப் பெயரோடு வாழ்ந்த மக்களின் பெயர்களைப் போலீசாராலும் மருத்துவர்களாலும் சரியாக எழுத முடியாததற்கு அரசு கண்ட தீர்வு அது. ஒரே மனிதர் பாதிரியாரின் ஏட்டில் ஒரு விதமாகவும் வணிகரின் கணக்கில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பார். 1960களின் இறுதியில் ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்டுக் குடும்பப்பெயர்களைப் பதிவு செய்த பிறகே எண்கள் படிப்படியாக விலகின.

இதே ஆண்டுகளில்தான் காசநோய் பரவியது. 1950 முதல் சி. டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் கிழக்கு ஆர்க்டிக் ஊர்களுக்கு வந்து, கப்பலிலேயே எக்ஸ்ரே எடுத்து, நோய் கண்டவர்களைத் தெற்கே கொண்டுபோனது. பலருக்குக் கரைக்குத் திரும்பி வீட்டாரிடம் விடைபெறும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் இனுயிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கு மருத்துவமனைகளில் இருந்தார் என்பது வரலாறு. இறந்தவர்கள் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்; எங்கே என்று பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

2019 மார்ச் 8 அன்று இதே இக்காலுயிட்டில் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அத்துடன் நானிலாவுட் என்ற திட்டமும் தொடங்கியது. மருத்துவமனை ஏடுகள், கல்லறைப் பதிவுகள், அரசுக் கோப்புகள் ஆகியவற்றிலிருந்து திரட்டப்பட்ட தகவல்களைத் தரவுத்தளமாக்கி, குடும்பத்தினர் தங்கள் உறவினர் எங்கே உறங்குகிறார் என்று கண்டறிய உதவும் திட்டம் அது. பெயர்கள் பலவாறாக எழுதப்பட்ட அந்த ஏடுகளில் ஒருவரை ஐயமின்றிக் கண்டுபிடிக்க உதவும் சாவிகளுள் ஒன்று அந்தத் தகட்டு எண்தான். மனிதரைப் பண்டம்போல் எண்ணிவைத்த அந்த எண்ணைத்தான் இன்று ஒரு பேத்தி தன் பாட்டியின் கல்லறையைத் தேடும்போது மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்கள் இதையும் நினைத்துப்பார்க்க வேண்டும். அது இருக்கத்தான் வேண்டும். அதனருகே சரியான பெயரும் இருக்க வேண்டும்.

இந்தத் தரவுத்தளம் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடியதன்று. இனுயிட் வட்டார அமைப்புகள் வழியாகக் குடும்பத்தார்தான் கேட்டுப்பெறுகிறார்கள். திறந்த அணுகல் என்ற கொள்கையை நான் பல ஆண்டுகளாக ஆதரித்துவருகிறேன். இருந்தாலும் ஒருவரின் நோயும் சாவும் முதலில் அவருடைய வீட்டாருக்கு உரியவை என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

இக்காலுயிட், வெள்ளிக்கிழமை

பனிப்புயல் காரணமாக விமானம் புறப்படவில்லை. விடுதியிலேயே இருந்து குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன்.

இக்லூலிக், சனிக்கிழமை

ஃபாக்ஸ் கடற்பகுதியில் ஒரு சிறு தீவு. 2,000 பேர் வாழும் ஊர். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிகளான பாரியும் லயனும் ஃபியூரி, ஹெக்லா என்ற கப்பல்களோடு 1822–23 குளிர்காலத்தை இங்கேதான் கழித்தார்கள். அவர்களுடைய நாட்குறிப்புகள் இங்கிலாந்தில் அச்சேறின.

ஊருக்கு மேலே காளானைப் போல ஒற்றைத் தண்டின்மேல் நிற்கும் வெள்ளைக் கட்டடம் ஆய்வு மையம். 1986இல் இந்த ஊரின் முதியோர் சங்கமும் ஆய்வு மையமும் சேர்ந்து வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கின. லூயி டப்பார்ட்ஜுக், லியா ஓட்டாக், ஜான் மெக்டொனால்ட் ஆகியோர் அதில் முன்னின்று உழைத்தார்கள். 500க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் இனுக்டிடுட்டிலேயே ஒலிப்பதிவாகி, எழுத்துப்படியாகி, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டன. விண்மீன்களைக் கொண்டு வழியறிதல், கடல்பனியின் வகைகள், கடற்குதிரை என்று நாம் தவறாகச் சொல்லிவிடும் வால்ரஸின் வேட்டை, பேறுகாலம், தத்துக் கொடுத்தல், ஷாமன்கள் என்று விரியும் அந்தத் தொகுப்புக்கு ஈடான வாய்மொழிக் களஞ்சியங்கள் உலகில் குறைவு. கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே மொழிக்காரர்கள் என்பதால், விளக்கம் தேவையில்லாத இடத்தில் விளக்கம் இல்லை, நுணுக்கம் தேவையான இடத்தில் அது நிறைந்திருக்கிறது.

தொலைக்காட்சியை 1975இலும் 1979இலும் வாக்கெடுப்பு நடத்தி மறுத்த ஊர் இது. தம் மொழியில் நிகழ்ச்சிகள் இல்லாத தொலைக்காட்சி வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. 1981இல் இனுயிட் ஒளிபரப்பு நிறுவனம் உருவானதும் நிலைமை மாறியது. பின்னர், 1990இல், ஸகரியாஸ் குனுக்கும் தோழர்களும் இங்கேயே இசுமா என்ற காணொளித் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து வீடியோ நாடாக்களை ஓட்டும் கருவிகள் இப்போது உற்பத்தியாவதில்லை; உதிரிப்பாகத்துக்காகப் பழைய கருவிகளைத் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. எண்ணிமப்படுத்திய காணொளிகள் இசுமாவின் இணையதளத்திலும், 2021 ஜனவரியில் தொடங்கிய உவாகுட் என்ற முழுநேர இனுக்டிடுட் அலைவரிசையிலும் மீண்டும் வீடுகளுக்குள் வருகின்றன. ஆவணம் தேடிப் போக வேண்டிய ஒன்றாக இல்லாமல், சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றாக ஆகிவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இக்லூலிக், ஞாயிற்றுக்கிழமை

தேவாலயம் முடிந்தபின், கல்லூரியில் படிக்கும் ஓர் இளம்பெண் தன் பாட்டியின் வீட்டுக்கு என்னை அழைத்துப்போனாள். பாட்டிக்கு எண்பது வயதைத் தாண்டியிருக்கும். தேநீரும் பானக் ரொட்டியும் வந்தன. பேத்தி, முன்பே தரவிறக்கி வைத்திருந்த 1950களின் படங்களை மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

பாட்டி முகங்களைப் பார்ப்பதற்கு முன் உடைகளைப் பார்த்தார். மேலங்கியின் விளிம்பு எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, வெள்ளைத் தோல் எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதைத் தைத்த பெண் யார் என்று முதலில் சொன்னார். தைத்தவர் தெரிந்தால் அணிந்தவரின் குடும்பம் தெரிந்துவிடுகிறது. நாய்களைப் பார்த்து ஒரு வேட்டைக்காரரின் பெயரைச் சொன்னார். பின்னணியில் தெரிந்த மேட்டைப் பார்த்து, அட்டவணையில் எழுதியிருக்கும் இடம் தவறு என்றார். காப்பகத்தில் அமர்ந்திருந்தபோது இந்தப் படத்தில் ‘தகவல் இல்லை’ என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு தாயின் முதுகில், மேலங்கியின் பெரிய தலைமூடிக்குள் இருந்த ஒரு கைக்குழந்தையைத் தொட்டுக்காட்டி, “இது என் அம்மா” என்றார்.

எனக்குக் கணக்கு உதைத்தது. படம் எடுத்த ஆண்டில் பாட்டியே சிறுமி. பேத்தி பொறுமையாக விளக்கினாள். பாட்டியின் தாய் இறந்தபின் பிறந்த ஆண்குழந்தை அது. இறந்தவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயரோடு உறவும் சேர்ந்து வருகிறது என்பது இனுயிட் வழக்கம். பெயர்களுக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆகவே பாட்டி அந்தப் பையனை வாழ்நாள் முழுவதும் அம்மா என்றே அழைத்தார், அவரும் பாட்டியைத் தம் மகளாகவே நடத்தினார். நல்ல பங்கு இறைச்சி கிடைத்தால் முதலில் இந்த வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவாராம்.

ஓர் அட்டவணையில் இதை எப்படிப் பதிவது? பெயர், பிறந்த ஆண்டு, பெற்றோர் என்று நாம் வகுத்துவைத்திருக்கும் கட்டங்களில் இந்த உறவுக்கு இடமில்லை. பெயரை மட்டும் எழுதினால் ஒரே பெயருடைய இரண்டு பேரில் ஒருவராக அந்தக் குழந்தை ஆகிவிடும். யார் பெயரை அது ஏந்தியது என்பதுதான் பாட்டிக்கு முதன்மையான செய்தி. பேத்தி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கைபேசியில் பாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, படத்தின் எண்ணை அதன் தலைப்பாக இட்டு, இரண்டையும் சேர்த்தே வைக்கிறாள். பெயர்களைக் காப்பகத்தின் படிவத்தில் அனுப்புவாள். கதையைக் குடும்பம் வைத்துக்கொள்ளும், எதைக் கொடுப்பது என்று பிறகு அவர்கள் கூடிப் பேசுவார்கள்.

ஒரு படத்தில் பாட்டி நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. தெரியும், ஆனால் படத்தில் இருப்பவரின் மகள் இந்த ஊரிலேயே இருக்கிறாள், அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பேத்தி மறுபேச்சின்றி அடுத்த படத்துக்குப் போனாள்.

இக்லூலிக், திங்கட்கிழமை

விமானத்துக்கு இன்னும் நேரமிருந்ததால், நேற்றைய பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும்போது உடனிருக்க முடிந்தது. ஒவ்வொரு பெயரையும் அசையெழுத்தில் ஒரு முறையும் இலத்தீன் எழுத்தில் ஒரு முறையும் எழுதி, பாட்டியிடம் உரக்கப் படித்துக்காட்டினாள் பேத்தி. இரண்டு பெயர்களில் மெய்யொலி ஒன்று விடுபட்டிருப்பதைப் பாட்டி கேட்டே கண்டுபிடித்தார். தவறான இடப்பெயரும் திருத்தப்பட்டது. பழைய தலைப்பை அழிக்கச் சொல்ல வேண்டுமா என்று நான் கேட்டேன். அழிக்க வேண்டாம், அன்று எங்களை எப்படி எழுதினார்கள் என்பதையும் என் பிள்ளைகள் பார்க்கட்டும், ஆனால் எங்கள் பெயர் அதற்கு மேலே வர வேண்டும் என்றாள் அவள்.

பிறகு படிவத்தை அனுப்பினாள். இணைப்பு இரண்டு முறை அறுந்து மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தது. பாட்டி கேட்டுச் சொல்வதாகச் சொன்ன அந்த ஒரு படத்தை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை.